நாலு எட்டு

சிவப்பு 'அவசரம்' ஒட்டாத பெட்டியொன்றை
இந்த வருஷம் நான் காணவேயில்லை.

டேப் மெஷினை இடப்பக்கம் நகர்த்தினால்
நிலூகாவுக்குப் பெட்டிக்கு நாலு எட்டு மிச்சம்.
பெப்ரவரியில் எழுதி ஆலோசனைப் பெட்டியில் போட்டேன்.
"நல்ல யோசனை, ரிஸ்மினா. இந்த ஷிப்மெண்ட் போகட்டும்."
கப்பல் போனது. அடுத்தது வந்தது.
ஆலோசனைப் பெட்டியின் மேல் யாரோ
தேத்தண்ணிக் கோப்பை வைக்கிறார்கள்.

நேற்று கிராண்ட்பாஸ் முழுக்கக் கரண்ட் இல்லை.
சேர் ஜெனரேட்டர்காரனோடு கத்திக்கொண்டிருக்க
மூன்று பேராய்த் தூக்கி
அந்தப் பக்கம் வைத்தோம்.

இன்று ஐந்துக்கே முடிந்துவிட்டது.
சேர் மணிக்கூட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்,
பலகையில் நாளைய எண்ணிக்கையை
அழித்து எழுதினார்.

நிலூகா தன் அரைத் தமிழில், என் காதுக்குள்:
"அந்த ட்ரொலி விஷயம்
இப்ப சொல்ல வேணாம்."