மலைக்காய்ச்சல்

சுபானு வருஷம், தை பதினேழு.
ஈத்தம்பள்ளம் ஜனன மரணப் பதிவேட்டில்
ஒரே நாளில் மூன்று பேர்.
வெள்ளப்பன், வயது முப்பத்திரண்டு.
சடையாண்டி, மேற்படியான் தம்பி, இருபத்தாறு.
மூக்கம்மாள், வெள்ளப்பன் சம்சாரம், வயது தெரியாது.
மூவருக்கும் காரணம் ஒன்றே:
மலைக்காய்ச்சல்.

முன்சீப் நாகமாணிக்கத்தின் கையெழுத்து
கோயில் கணக்கு எழுதிப் பழகியது.
கொம்பும் சுழியும் ஒன்றையொன்று இடிக்காது.
மூன்றாவது காய்ச்சலில் மட்டும்
பேனா முள் தாளைக் கிழித்திருக்கிறது.
அடியில் உள்ள பக்கத்தில்
யாருக்கோ ஆண் குழந்தை பிறந்த வரியில்
அந்த மை இறங்கிக் காய்ந்திருக்கிறது.

தையில் கொசு ஏது?
புல்லில் பனி உப்பாகப் பூத்து
மாடே எழுந்திருக்க யோசிக்கும் மாதம்.

மாற்றலாகி வந்த ஏழு மாதத்தில்
டீக்கடையில் கொஞ்சம், மிளகுக் களத்தில் கொஞ்சம்
கேட்டுச் சேர்த்தது இது.
முழுசாக எவரும் சொல்லவில்லை.
காப்பிப் பழம் நிறுக்க
தோட்டத்துக்காரர் வைத்திருந்தது கள்ளக் கல்.
வெள்ளப்பன் வத்தலக்குண்டு சந்தைக்கு நடந்து இறங்கி
முத்திரை போட்ட இரும்புக் கல், ஒரு வீசை,
வாங்கி மடியில் கட்டி மலையேறினான்.
மறுநாள் களத்தில்
அந்தத் தட்டில் அவர் கல்,
இந்தத் தட்டில் இவன் கல்.
தோட்டத்துக் கல் விர்ரென்று கீழே போனது.
கூடையோடு நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள்.
அவன் செய்தது அவ்வளவுதான்.

அன்றிரவு பழம் உரிக்கும் எஞ்சின் ஓடியதாம்.
பழம் தீர்ந்த பிறகும் ஓடியதாம்.
விடிந்ததும் சக்கைக் குழியை
மண் போட்டு மூடியிருந்தார்களாம்,
சக்கை பாதிகூட நிரம்பாத குழியை.

எத்தனை பேர் கை வைத்தார்கள்?
இந்த இடத்தில் கதை பிசிறும்.
நாலு பேர் என்பார்கள்.
ஊரே என்றான் ஒருவன்,
சொல்லிவிட்டு
டீக்குக் காசு கொடுக்க மறந்து போய்விட்டான்.

நேற்று பஞ்சவர்ணம் வந்தாள்,
மூக்கம்மாள் விட்டுப்போன கைக்குழந்தையின் மகள்.
முக்கால் ஏக்கர், பட்டா மாற்ற வேண்டும்,
தாத்தாவுக்கு இறப்புச் சான்று வேண்டும்.
கணினியில் காரணம் என்று ஒரு கட்டம்.
அது காலியாக இருந்தால் அடுத்த பக்கம் திறக்காது.

மனுக் கொடுங்கள், என்றேன்.
நடந்ததை எழுதுங்கள், மேலே விசாரிப்பார்கள்.

முந்தானையில் முகத்தைத் துடைத்தாள்.
ஏறிவந்த வியர்வைதான், அழவில்லை.
“காய்ச்சல்னே இருக்கட்டும் சார்.
எம்மகள அந்த வீட்டுலதான குடுத்திருக்கேன்.”

எந்த வீடு என்று கேட்கவில்லை.
அந்தக் கல் என்னாச்சு என்று கேட்டேன்.
என் வேலை இல்லை அது. கேட்டுவிட்டேன்.
“சீரோட போயிருச்சு.
அதுலதான் மிளகு நசுக்குறா.
மாமனாருக்கு ரசம் இல்லாட்டி
சோறு எறங்காது.”

தட்டினேன்: ம, லை, க்.
அச்சுப்பொறி இரண்டு முறை தாளைக் கடித்துத் துப்பி
மூன்றாம் முறை கொடுத்தது.
முத்திரை குத்தியது நான்.
போகும்போது ஒரு சீப்பு மலைவாழை
மேசைக்கடியில் வைத்துவிட்டுப் போனாள்.
எடுத்துப் போகச் சொல்லியிருக்க வேண்டும்.

கடைசிப் பேருந்து. மழை விட்டு ஒன்பதாம் நாள்,
சரிவெல்லாம் காப்பி பூத்து
கழுத்தை நெரிக்கிற வாசனை.
கண்டக்டர் யார் வீட்டுப் பையன் என்று
யோசிக்காமல் சில்லறை வாங்கப் பழகியிருக்கிறேன்.
நாலாவது வளைவில் விசில் அடிக்கிறான்.
டிக்கெட்டில் அச்சடித்த பெயர் வேறு,
அவன் கத்துவது வேறு:

“காய்ச்சக்குழி!
காய்ச்சக்குழி எறங்கு!”

இரண்டு பள்ளிப் பிள்ளைகள்
பையை முதலில் எறிந்துவிட்டுக் குதிக்கிறார்கள்.