திரும்பி வருவது

கார்டிகன் விரிகுடாவில் சோதனை நாளன்று
நண்டுக்கூடைப் படகுகளை வானொலியில் விலகச் சொல்வோம்.
ஒன்று மட்டும் முரண்டு பிடிக்கும்.
இட்வால் பெபின்.
எங்கள் அட்டவணையைவிடத்
தன் நண்டுகளை நம்பியவர்.
"கூடை உள்ளே கிடக்கிறது,
எடுத்துக்கொண்டுதான் போவேன்" என்பார்.
பாதுகாப்பு அமைச்சகம் காத்திருக்கும்.

பிறகு நாற்பத்தோரு விநாடி.
பதினோரு வருடம் நான் வளர்த்தவற்றுக்கெல்லாம்
அவ்வளவுதான் ஆயுள்.
அவற்றின் கண்ணைச் செய்தவள் நான்,
குளிரில் சூட்டைத் தேடும் கண்.
அதற்குமேல் சொல்ல
நான் கையெழுத்துப் போட்ட தாள் விடாது.

இலக்குக்கும் அதற்கும் நடுவே எத்தனை மீட்டர்?
அதுதான் எங்கள் மதிப்பெண்.
பூஜ்யம் வந்தால் கேன்டீனில் கேக்.
போனது எதுவும் திரும்பி வராது.
வந்தால் விசாரணைக் குழு.

மனம் திருந்தி வந்தவள் என்று எழுத
ஒரு நிருபருக்கு ஆசை.
இல்லை அம்மா.
ஆபீசை மால்வெர்னுக்கு மாற்றினார்கள்,
எனக்குக் கடலை விட மனமில்லை.
கடைசியில் வந்து சேர்ந்ததோ
கடலே இல்லாத பான்பரி.

நாய்த்தீனிக் கிடங்கை ஒட்டிய தகரக் கொட்டகை.
டெஸ்மண்ட் ஆக்ரி என் தாளைப் புரட்டினார்.
"பதினோரு வருடம் என்ன செய்தீர்கள்?"
தரவு பார்த்தேன்.
"எதன் தரவு?"
சீக்கிரம் முடிந்துவிடும் ஒன்றின்.
சிரித்தார்:
"அப்படியானால் எங்கள் கார் உங்களுக்குப் புதிதல்ல."

முதல் ஓட்டம். திரையில் அதே கோடுகள்:
அதிர்வு, வெப்பம், அழுத்தம்.
கோடு அறுவதற்காகக் காத்திருந்தேன்,
பழக்கம்.
அறவில்லை.
கடைசி வளைவைத் தாண்டி வந்து
தன் பழைய தடத்தின்மேல்
தானே படிந்தது.
இன்னொரு முறை. இன்னொரு முறை.
காப்பி ஆறிப்போனது தெரியாமல்
எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் வருடம் ஸ்பானரைப் பிடுங்கிக்கொண்டு
அணியைக் கையில் கொடுத்தார்கள்.
இப்போது நான் எண்ணுவது வேறு:
டயர், பாஸ்போர்ட், பெல்ஜிய ஓட்டலில் கட்டில்,
கியர்பாக்ஸ்காரன் மனைவிக்குப் பேறுகால நாள்,
சிண்ட்ரேயின் அம்மா பெர்கனில் வீட்டை அடகு வைத்து
அனுப்ப வேண்டிய மூன்றாம் தவணை.
அதை அவளிடம் ஃபோனில் கேட்பதும்
என் வேலைதான்.

ஸ்பாவில் ஒரு கோடியில் வெயில்,
மறு கோடியில் மழை.
சிண்ட்ரே நான்காவதாக ஓடுகிறான், வழுவழு டயரில்.
இன்னும் இரண்டு சுற்று வெளியே நின்றால்
மூன்றாம் இடம் என்றது கணக்கு.
பிட்டுக்கு வா என்றேன்.
மறுத்தான்.
வா என்றேன்.

ஒன்பதாவதாக முடித்தோம்.
மழை அந்தப் பக்கமே நின்றுவிட்டது.
ஹெல்மெட்டைக் கழற்றாமலே திட்டினான்,
கண்ணாடிக்குப் பின்னால்
பத்தொன்பது வயது மூச்சு முட்டி வெளுத்தது.
விளம்பரக்காரர் கேட்டார், கணக்குத் தவறா என்று.
கணக்குச் சரி, என்றேன்.
போட்டவளே நான்தான்.

லாரியில் காரை ஏற்றும்போது
தரையின் கீழே கை விட்டுப் பார்த்தேன்.
இன்னும் சூடு.
ரேடியோவை யாரோ அணைக்க மறந்திருந்தார்கள்,
வெறும் இரைச்சல்.
அதில் ஒரு கிழட்டுக் குரல்
தன் கூடைகளைக் கேட்டு
முரண்டு பிடிப்பதுபோல் இருந்தது.