மேலே ஆளில்லை

கெலிமானே. காலை ஐந்தரை.
கீழ்க்காற்று பிய்த்து இழுத்துப்போன பலூன்
ஐந்து கிலோமீட்டர் ஏறியதும்
போக்கிடம் தெரியாமல் நிற்கிறது
சுல்மிராவின் திரையில்.

புயலைத் தள்ள மேலே ஆளில்லை.
தெற்கே ஓர் உயர் அழுத்தம், வடக்கே இன்னொன்று,
ஒற்றைப் பாலத்தில் இரண்டு லாரிகள்
முறைத்துக்கொண்டு நிற்பதுபோல.

கடல் முப்பது டிகிரி.
கொடுத்துக்கொண்டே இருக்கிறது.

மழைமானியைக் கவிழ்க்கிறாள்:
இருநூற்றுப் பதினொன்று.
மதியம் மறுபடி கவிழ்க்கிறாள்.

"எப்போது போகும்?"
வானொலி நிலையத்திலிருந்து அபீலியு.

வேகம் என்ற கட்டத்தில்
அவள் எழுதியிருப்பது பூஜ்யம்.
போர்த்துகீசில் ஒருமுறை,
சுவாபோவில் ஒருமுறை
சொல்லிப் பார்க்கிறாள்.
இரண்டிலும் அது அங்கேயே நிற்கிறது.

வெளியே, முட்டளவு நீரில்,
யாரையோ பின்னால் ஏற்றிக்கொண்டு
மிதிக்கிறான் ஒரு சைக்கிள் டாக்சிக்காரன்,
புயலைவிட வேகமாக.