கீழே போய்வந்த கணக்கு

திரியெஸ்தேயில் கடை என்றால் கீழே.
ரொட்டி கீழே, மருந்து கீழே, தபால் கீழே.
கடலும் கீழேதான்,
அதை மட்டும் யாரும் மேலே கொண்டுவரச் சொல்வதில்லை.

பாகம் பிரித்ததில் துல்யோவுக்குக் கார்.
எனக்குப் பூனை, நான்காம் மாடி, கொஞ்சம் பணம்.
அதில் ஒரு மின்சார சைக்கிள் வாங்கினேன்.
ஐம்பத்தாறு வயதில் என்ன விளையாட்டு என்றாள் அக்கா.
விளையாட்டு இல்லை, உருளைக்கிழங்கு என்றேன்.

பின்சக்கரத்தின் இருபுறமும் பை,
பொதிகழுதைக்குப் போல.
கனமானது அடியில், முட்டை மேலே,
இடப்பக்கம் பால் என்றால் வலப்பக்கம் எண்ணெய்.
முதல் வாரம் இது தெரியாமல்
ஒரு தர்ப்பூசணியை ஒரே பக்கம் ஏற்றி
நீதிமன்ற முனையில் அப்படியே சாய்ந்தேன்.
வக்கீல்கள் இருவர் ஓடிவந்து
முதலில் பழத்தைத் தூக்கினார்கள்.

கார் இருந்தபோது பதினைந்து நாளுக்கொருமுறை
தள்ளுவண்டி வழிய வாங்கிப்
பாதியை அழுகவிட்டோம்.
இப்போது இன்றைக்கு வேண்டியது இன்றைக்கு.
மீன்கடை யோலாந்தாவுக்கு என் சார்ஜ் கணக்கு அத்துப்படி.
இன்று எத்தனை விளக்கு நீவெஸ்,
கேட்டுக்கொண்டே செதில் சீவுவாள்.
இரண்டாம் மாடி விசின்தின் சீட்டு நீட்டுவார்:
ரத்த அழுத்த மாத்திரை,
நூலகத்துக்குத் திரும்ப வேண்டிய புத்தகம்,
‘முடிந்தால்’ என்று அடிக்கோடிட்டு
நாலு மத்தி மீன்.
முடியும்.

ஏற்றத்தில் மிதிக்கும்போது
முதுகில் யாரோ உள்ளங்கை வைத்துத் தள்ளுவதுபோல் இருக்கும்.
திரும்பிப் பார்த்தால் யாருமில்லை.
அந்த யாருமில்லை
எனக்குப் பிடித்திருக்கிறது.

வீட்டு வாசலில்தான் வேடிக்கை.
எல்லாவற்றையும் சுமந்துவந்த பேட்டரியை
இனி நான் சுமக்க வேண்டும், எழுபத்தெட்டுப் படி.
மூன்று கிலோ. பிறந்த பிள்ளையின் எடை.
ரொட்டிப் பெட்டிக்குப் பக்கத்தில் கிடத்தி
வாயில் ஒயரைச் செருகினால்
பச்சைப் பொட்டு ஒன்று துடிக்கும்.
சூட்டுக்காகப் பூனை அதில் முதுகைச் சாய்த்துக்கொள்ளும்.

பிப்ரவரியில் ஒரு வியாழன்
செருக மறந்திருக்கிறேன்.
போரா அடித்த நாள்.
இங்கே போரா வெறும் காற்றில்லை,
குப்பைத் தொட்டிகளைத் தெருவில் நடக்கவிடும் ஆள்.
பத்துக் கிலோ பூனை மணல், ஒரு டஜன் முட்டை,
கோமெர்ச்சாலே தெருவில் பாதி ஏறியதும்
முதுகிலிருந்த கை எடுபட்டது.
சைக்கிளின் எடை அன்றுதான் தெரிந்தது.
பத்தடி, மூச்சு.
பத்தடி, மூச்சு.

பழைய நீலக் கார் பக்கத்தில் வந்து நின்றது.
துல்யோ பின்கதவைத் திறந்தான்.
குறுக்கே வைத்தான், நெடுக்கே வைத்தான்,
கைப்பிடியைத் திருகிப் பார்த்தான்.
பதினெட்டு வருஷம் நாங்கள் இருவரும் அடங்கிய காரில்
அது அடங்கவில்லை.
சிரித்துவிட்டேன். காற்றில் அவனுக்குக் கேட்டிருக்காது.

மணலை மட்டும் கொண்டுபோ.
முட்டையையும் கொடு, உடைந்துவிடும்.
முட்டை என்னோடு வரும்.

நான் மேலே போய்ச் சேர்ந்தபோது
கதவருகே மூட்டை இருந்தது.
படியில் உட்கார்ந்து
அடியிடுக்கில் விரலை நுழைத்துப்
பூனையோடு பேசிக்கொண்டிருந்தான்.
இளைத்துவிட்டாள் என்றான்,
ஒரு பாதத்தை மட்டும் பார்த்துவிட்டு.
இல்லை என்றேன்.
அவன் காபி கேட்கவில்லை. நான் கொடுக்கவில்லை.
இறங்கும்போது எழுபத்தெட்டையும் எண்ணினானோ என்னவோ,
வெகுநேரம் கேட்டது.

இரவு ஒயரைச் செருகிவிட்டு இரண்டு முறை பார்த்தேன்.
விளக்குகள் ஒவ்வொன்றாய் ஏறின.
மூன்றாவது வருமுன் தூங்கிவிட்டேன்.

காலையில் எண்ணினால் முட்டை பதினொன்று.

வாங்க வேண்டியது:
ஈஸ்ட். குளியலறைக்கு பல்பு.
விசின்தினின் புத்தகம், நாலு நாள் தாமதம்.
பை கழுவ சோப்பு.