பதினான்கு நொடி

காரைக்குடி நூறடிச் சாலை,
டயர் கடைக்கு மேலே எங்கள் ஆபீஸ்.
நாலு கணினி, ஒரு ஏ.சி.,
அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள்.
எங்கோ யாரோ செய்த சண்டை விளையாட்டுக்கு
நாங்கள் எண் திருத்துகிறோம்.
இந்த வாரம் என் மேசைக்கு வந்தது
முதல் தலைமுறை ஜெட்.

வாம்பயர்.
மூக்கு ஒட்டுப்பலகை, வால் இரட்டை,
நடுவில் பெருமூச்சு விடும் ஒற்றை எஞ்சின்.
கைப்பிடியை முழுக்கத் தள்ளினாலும்
உடனே கேட்காது.
யோசிக்கும்.
அவசரப்படுத்தினால் அடுப்பே அணைந்துவிடும்.
கையேடு ஒன்று சொல்லும், ஓட்டியவர் ஒன்று சொல்வார்.
நான் வைத்தது
பதினான்கு நொடி.

மறுநாள் காலை வசவு கொட்டிக் கிடந்தது.
ஜெட்காரர்கள்:
இது விமானமா, பாரம் ஏற்றிய மாட்டு வண்டியா?
விசிறிக்காரர்கள்:
நேராக ஓடிவிடுகிறான், பிடிக்கவே முடியலை, அநியாயம்.
ரெண்டு பக்கமும் திட்டினால்
கணக்கு சரி என்றுதானே பொருள், என்றேன்.

உண்ணாமலை சிரிக்கவில்லை.
இங்கே வருமுன் ஆடிட்டர் ஆபீஸில் ஆறு வருஷம்.
"ஐந்தொகை பொருந்தினா
கடை லாபத்துல ஓடுதுன்னு இல்ல.
பொருந்துது, அவ்வளவுதான்."
என் அட்டவணையைத் தன் பக்கம் திருப்பினாள்.
வரவில் வேகம், ஏற்றம்.
பற்றில் எரிபொருள், அகன்ற திருப்பம்,
நாலு குண்டுக்கு ஒரு தரம் நடுங்கும் குறி.
"இந்தப் பதினாலு நொடிக்கு
என்ன வெல போட்டிருக்கே?"

தெரியாது.

சாயங்காலம் அவள் ஸ்கூட்டியில் போனோம்.
செட்டிநாடு ஸ்டேஷன் தாண்டி
யுத்த காலத்தில் போட்ட ஓடுதளம்.
இருபக்கமும் கருவை நெருக்க,
சிமெண்டு வெடிப்பில் எருக்கு.
வண்டியை அணைத்தாள்.
"தரை இறங்கப் போறே. பின்னால ஒருத்தன்.
கைப்பிடி தள்ளியாச்சு. எண்ணு."

மூன்றில் ஓர் ஆடு இருமியது.
ஐந்தில் எனக்குச் சிரிப்பு.
எட்டில் அது போய்விட்டது.
பத்தில் என் இடது கை
இல்லாத கைப்பிடியை
இன்னும் தள்ளிக்கொண்டிருந்தது.
பதினொன்றில் திரும்பிப் பார்த்துவிட்டேன்.
ஒரு மொட்டைப் பனை,
அதன் பின்னால் இருட்டு.

"செத்துட்டே" என்றாள்,
சாவியைத் திருகியபடி.

இவ்வளவு பயத்தை
யாரும் காசு கொடுத்து வாங்க மாட்டான்.
திரும்பி வந்து ஒன்பது என்று எழுதினேன்.
ஒன்பதுக்கு எந்த எஞ்சினும் சாட்சி இல்லை.
ஒன்பது வியாபாரம்.
வசவு பாதியாகக் குறைந்தது.
தலைமை ஆபீஸ் ஒரு கட்டைவிரல் படம் அனுப்பியது.

பதினான்கைத் தூக்கி எறிய மனசில்லை.
'முழு நிஜம்' என்றொரு பொத்தான் செய்து
மூன்று படி உள்ளே தள்ளி வைத்தேன்.
உலகம் முழுக்க அதை அழுத்துகிறவர்கள்
பதினொரு பேர்.
அதில் ஒருவன் பெயர் கோவிலூர் கழுகு.
இங்கிருந்து கூப்பிடு தூரம்.

அவன் ஆட்டத்தின் பதிவை
நேற்றுப் போட்டுப் பார்த்தேன்.
இரவு இரண்டரை. எரிபொருள் முள் அடியில்.
ஓடுதளம் எதிரே, கொஞ்சம் தூரமாக.
பின்னால் ஒரு விசிறி விமானம்
பசியோடு.
கைப்பிடியை அவன் அறையவில்லை.
மயிரிழை, மயிரிழையாக நகர்த்தினான்.
எஞ்சின் முனகத் தொடங்கியது.
திரும்பிப் பார்க்கவே இல்லை.
நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஏழாவது நொடியில் திரை நின்றது.
குண்டு படவில்லை.
முடிவு என்ற கட்டத்தில்
'இணைப்பு அறுந்தது' என்றிருந்தது.
அந்த நேரம் எங்கள் தெருவிலும் கரண்ட் இல்லை,
விசிறி மட்டையைத் தேடியது நினைவிருக்கிறது.

மின்வாரியத்தைப் பற்றில் எழுதுவதா
வரவில் எழுதுவதா?
நாளைக்கு உண்ணாமலையைக் கேட்க வேண்டும்.