மான் தின்ற பக்கம்

திங்கள் இடாப்பில் மூன்று பேர் இல்லை.
டச் பேயில் கரைவலை இழுபடுகிறது.
வெண்கட்டி அலுமாரிச் சாவி
அதிபரின் பையில்
கந்தளாய்க்குக் கூட்டத்துக்குப் போய்விட்டது.

புதன்கிழமை, 'என் வீடு', ஐந்து வசனம்.
கிழிந்த அரைப் பக்கத்தோடு நின்றான் யதுசன்.
"மான் திண்டிட்டுது, ரீச்சர்."
வகுப்பே சிரித்தது. நானும்.
மிஞ்சியிருந்தது ஒரு வரி:
எங்கள் வீட்டுக்கு ஒரு கதவு

கஞ்சி வரிசையில் மழை பிடித்த வியாழன்,
கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான் ஒன்று
விறாந்தையில் ஒதுங்கி
அப்சானா காயவைத்த சித்திரத்தை
வானத்திலிருந்து தின்னத் தொடங்கியது.

யதுசன் என்னைப் பார்க்கவில்லை.
தன் பிஸ்கட்டில் பாதியை மானுக்கு நீட்டினான்,
சாட்சிக்கு வந்தவருக்குத்
தேத்தண்ணி கொடுப்பதுபோல்.

கிழிந்த விளிம்புவரை
சிவப்பு மையால் சரி போட்டேன்.
கதவுக்குப் பிறகு என்னவென்று
வெள்ளி மணி அடித்தும் கேட்கவில்லை.