நாய்க்குச் சம்பந்தம் விசாரித்தது

மூன்று மாதமாய் விசாரிக்கிறேன்.
கொக்கர் ஸ்பானியல். பொன்னிறம். பெட்டை.
மச்சாளின் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதும்
நீ இவ்வளவு கேட்கவில்லை என்கிறார் சபேசன்,
விளாம்பழத்துக்குச் சீனி போட்டபடி.

அப்போது கேட்டது குறைவா?
எந்தக் கோயிலடி, எந்தக் கிணறு,
தாய்வழி எங்கே, தகப்பன்வழி எங்கே,
பிறகு, வாய் திறக்காமலே கேட்ட
அந்த ஒரு கேள்வி.
நாய்க்கு அதெல்லாம் கடுதாசியிலேயே வருகிறது:
நாலு தலைமுறை, கிளை கிளையாய்,
பூட்டனின் பெயருக்கு முன்னால் பட்டம்.
எனக்கு என் பூட்டியின் பெயர் தெரியாது.
என் பிறப்புச் சாட்சிப் பத்திரமே
கச்சேரியில் வரிசையில் நின்று
இரண்டாம் தரம் எடுத்ததுதான்.

திருநெல்வேலியில் மிருக வைத்தியர் கேதாரநாதன்
ஒரு ஆட்டின் வாய்க்குள் கையை விட்டபடி சொன்னார்:
"காது, அம்மா, காது.
மாரியில் அது மூடி வைத்த சட்டி.
ஈரம், பூஞ்சணம், மணம்.
கிழமைக்கு ஒருக்கால் துடைக்க வேணும்.
கண் சோதித்த துண்டையும் கேளுங்கோ,
தாய்க்கும் தகப்பனுக்கும்.
சிலதுக்கு நாலு வயதில் இரவு தெரியாமற் போகும்.
பிறகு பகலும்."
ஆடு என்னைப் பார்த்துத் தலையாட்டியது.

வாய் ஒடுங்கிய கோப்பை வேண்டுமாம்,
காது சோற்றில் விழாமல்.
நவீன சந்தையில் கடை கடையாய் ஏறி
கடைசியில் ஒரு பூச்சாடியைப் பார்த்து வைத்திருக்கிறேன்.

வளவை நாயின் உயரத்தில் குனிந்து நடந்தேன்.
நெருஞ்சி. ஒட்டுப்புல். கிணற்றடியில் நுளம்பு.
கேற்றுக்குக் கீழே ஒரு சாண் வெளி,
அதற்கப்பால் ஒழுங்கை நாய்,
காதில் ஒரு மூலை இல்லாதது,
என் ஆராய்ச்சியை வேவு பார்த்துக்கொண்டு.

பறவை எழுப்பப் பிறந்த சாதியாம்.
பற்றைக்குள் மூக்கை விட்டுக் கிளப்பும்,
கிளப்பிவிட்டு எசமானைத் திரும்பிப் பார்க்கும்.
இங்கே கிளப்புவதற்கு ஒரு செண்பகமும்
பக்கத்து வீட்டு யசோ அக்காவின் அடைக்கோழியும்தான்.
இரண்டுக்கும் வாய் பெரிது,
யசோ அக்காவுக்கு அதைவிட.

பிறகு நீர்கொழும்பிலிருந்து ஒரு படிவம் வந்தது.
குட்டி விற்கிறவ திருமதி விஜேகோன்.
"நானும் விசாரிக்க வேண்டுமல்லவா" என்றா.
பகலில் வீட்டில் யார்?
மதில் எத்தனை அடி?
மாடிப்படி உண்டா?
ஒன்பதாவது கேள்வி:
முன்பு நாய் வளர்த்தீர்களா, அதற்கு என்ன நடந்தது?

தொண்ணூற்றைந்து, ஐப்பசி, மழை.
அதற்குப் பெயர் வீமன்.
சங்கிலியைக் கழற்றி
பானையிலிருந்த சோறு முழுவதையும் முற்றத்தில் கொட்டி
கேற்றைத் திறந்து விட்டோம்.
சோற்றைத் தொட்டிருக்காது.
செம்மணி வெளி வரை பின்னால் வந்தது.
சனத்தின் கால்களுக்கிடையில் ஒரு வால்,
சைக்கிள் சில்லுக்கு அப்பால் ஒரு முதுகு,
பிறகு கால்கள் மட்டும்.
நான் கையில் வைத்திருந்தது
தையல் மெசினின் தலை.

அந்தக் கட்டத்துக்குள் ஒன்றரை வரிக்குத்தான் இடம்.
"இடம்பெயர்ந்தபோது தொலைந்தது" என்று எழுதினேன்.
தொலைந்தது நாங்கள் இல்லையா என்று யோசித்தேன்.
வெட்டினேன்.
"விட்டுவிட்டு வந்தோம்" என்று எழுதி
தபாலில் போட்டேன், சபேசனுக்குக் காட்டாமல்.

பத்து நாள் பதில் இல்லை.
பூச்சாடிக்காரன் ஒருநாள் தெருவில் மறித்து
அக்கா, எடுக்கிறீங்களோ இல்லையோ என்றான்.

ஞாயிறு பின்னேரம் அவ எடுத்தா.
ஒன்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.
கொஞ்ச நேரம் குட்டிகள் கத்துவதுதான் கேட்டது,
ஏதோ தகரத்தை உருட்டுகிற சத்தமும்.
காது துடைக்கக் கிழமையில் எந்த நாள் என்று கேட்டா.
வெள்ளி என்றேன், கோயிலுக்குப் போக முன்.
உடனே திருத்தினேன்: போய் வந்த பிறகு.

அவ அதையும் எழுதிக்கொள்வது கேட்டது.